அவரைப் பந்தலும் மச்சானின் மீசையும்

2006 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். மழை இல்லை. 5.25க்குக் காபி, சர்க்கரை ஒன்றரைக் கரண்டி. 5.40க்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போய் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று பார்த்தேன். இரண்டடி மூன்று அங்குலம். நேற்றைவிட ஓர் அங்குலம் குறைவு. மேலே லோயர் கேம்ப்பில் தண்ணீர் திறப்பதைக் குறைத்திருப்பார்கள். அந்த அங்குலங்களைப் பார்த்து நோட்டில் ஏற்றுவதுதான் என் உத்தியோகம். தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை என்று நிற்பதில்லை, நானும் நிற்பதில்லை.

6.20க்கு வீடு திரும்பினேன். 6.30க்குக் கொல்லைப்புறம் போய் அவரைப் பந்தலை ஒரு சுற்று வந்தேன். பூ இல்லை. பிஞ்சு இல்லை. காய் இல்லை. இலை பதினேழு, அவற்றில் கடிபடாமல் முழுதாக இருந்தவை ஆறு.

6.50க்குப் பழக்கம் காரணமாகப் படலைத் திறந்து வைத்தேன். தினமும் அந்த நேரத்துக்கு ஒரு மணிச்சத்தம் வரும். அன்று வரவில்லை. வராது என்று தெரிந்தும் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன்; குறிப்பில் 6.55 என்று இருக்கிறது.

7.05க்கு மச்சான் ஒரு கயிற்றோடு வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு அவருடையது.

“மாப்ள, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. வைக்கப்படப்பு போட எடம் எம்புட்டு வருதுன்னு பாத்துக்கிருவோம்.”

பிடித்தேன். அளக்கிற காரியத்தில் நான் யாருக்கும் ஒத்துழைக்காமல் இருந்ததில்லை.

“பதினாலு அடிக்குப் பதினொண்ணு” என்றார்.

“பதினொன்றே கால்” என்றேன்.

“கால் அடியையும் சேத்தே குடுக்கிறீகளா? நல்ல மனசு மாப்ள உங்களுக்கு” என்று மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

அந்தப் பதினாலு அடிக்குப் பதினொன்றே கால் அடி இடம் அன்று சாயங்காலத்துக்குள் என் கையைவிட்டுப் போகவேண்டியது. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் இருந்தது மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். வீடு என் மனைவியின் பூர்வீக வீடு. என் மாமனார் காலத்துக்குப் பிறகு நடுவில் ஒரு சுவர் வைத்துக் கிழக்குப் பாதி மச்சானுக்கும் மேற்குப் பாதி என் மனைவிக்கும் என்று ஆனது. மேற்குப் பாதியின் பின்னால்தான் அந்த இடம். மச்சான் விவசாயி. நெல் மூன்று ஏக்கர், வாழை ஒரு ஏக்கர். அவர் வைத்தது எல்லாம் விளையும். நான் வைத்தது எதுவும் விளையாது. ஆனால் என்னிடம் குறிப்பு இருந்தது.

2002: தக்காளிச் செடி பதினொன்று, பழம் நான்கு, அணில் தின்றது நான்கு. 2003: கத்தரி, காய்க்குள் புழு, புழு நன்றாக வளர்ந்தது. 2004: சுரை, ஒரே ஒரு காய். அது இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று தினமும் நூல் வைத்துச் சுற்றளவு எடுத்துக்கொண்டிருந்தேன். நூற்றுப்பதினோராவது சென்டிமீட்டரில் அது முற்றி மரக்கட்டை ஆகிவிட்டது. என் மனைவி தட்டிப் பார்த்து, “இத மிதக்கவிட்டு வாய்க்கால்ல நீச்சல் பழகலாம்” என்றாள்.

மச்சான் இந்த மூன்று வருட வரலாற்றையும் சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தவர். 2005 ஆடிப் பெருக்கன்று நான் அவரை விதை ஊன்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

“மாப்ள, உங்க தோட்டம் டைரியிலதான் காய்க்கிது. எனக்கு வைக்கப்படப்பு போட எடமில்லாம களத்துல கெடந்து நனையுது. இங்கன ஒரு படப்பு போட்டா மாட்டுக்காவது ஆகும்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “மாசிச் சாமி கும்பிடுக்குள் இந்தப் பந்தலில் விளைந்ததை உங்களைச் சாப்பிட வைக்கிறேன், மச்சான்.”

“இந்தப் பந்தல்ல வெளஞ்சது என் வயித்துக்குள்ள போச்சுன்னா, மாப்ள, இந்த மீசைய எடுத்துர்றேன். போகலைன்னா எடம் படப்புக்கு. சம்மதமா?”

மச்சானின் மீசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கன்னத்தின் பாதி தூரம் போய் மேலே திரும்பியிருக்கும். தேங்காயெண்ணெய் போட்டு, தனிச் சீப்பு வைத்துச் சீவுவார். சின்னமனூரில் பஸ் ஏறினால் அந்த மீசைக்கு இடம் விட்டு உட்காருவார்கள். அதைப் பணயம் வைக்கிறார் என்றால் என் தோட்டத்தின்மேல் அவருக்கு எவ்வளவு அவநம்பிக்கை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்மதம் என்றேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே டைரியில் எழுதி, நேரம் போட்டேன்: காலை 7.48. சாட்சி என் மனைவி.

அவரை வளர்ந்தது. இது என் வாழ்க்கையில் புதிய அனுபவமாக இருந்ததால் ஒவ்வொரு நாளும் கொடியின் நீளத்தை எடுத்தேன். புரட்டாசியில் பந்தலைத் தொட்டது. ஐப்பசியில் பந்தலை மூடியது. கார்த்திகை கடைசியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்தது. கொழுந்தில் அசுவினிப் பூச்சி வந்தது. அசுவினியைத் தேடி எறும்பு வந்தது. அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வந்தது. பூவுக்குத் தேனீ வந்தது. பூச்சிகளுக்காகப் பந்தல் காலில் ஒரு ஓணான் குடியேறியது. ஒரு நாள் அந்த ஓணானைக் காகம் தூக்கிப் போனது. எல்லாவற்றையும் எழுதினேன்.

“ஓட்டல் நல்லா ஓடுது” என்றாள் என் மனைவி. அவள் நடுநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. “வர்றவுக எல்லாம் திங்கிறவுகதான். அடுப்பு எரியுறது என்னமோ ஒரே ஒரு எடத்துலதான்.”

“எங்கே?”

“அந்த எலையிலதான். வேற யாருக்கு இங்கன சமைக்கத் தெரியும்?”

அதை நான் அன்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

டிசம்பர் 20, காலை 6.50. மணிச்சத்தம் கேட்டது. கொல்லைக்குப் போனேன். கறுப்புக் கிடா ஒன்று பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் பந்தல் கம்பில் வைத்துக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் முகத்தைத் தூக்கி என் பூங்கொத்துகளைத் தின்றுகொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வலது காதில் கீறல், கழுத்தில் மணி. கம்பை எடுத்தேன். காதைப் பார்த்ததும் கீழே போட்டேன்.

அது மச்சான் நேர்ந்துவிட்ட கிடா.

மச்சானுடைய கிணற்று மோட்டார் ஒரே வருடத்தில் மூன்று தடவை காயில், அதாவது உள்ளே சுற்றிய கம்பி, கருகியது. மூன்றாவது தடவை காயில் கட்டியபோது அவர் கருப்பசாமி கோயிலுக்குப் போய், அடுத்த மாசி வரைக்கும் காயில் கருகாமல் ஓடினால் ஒரு கிடா என்று வேண்டிக்கொண்டார். அது 2005 மாசி; அப்போதே ஒரு குட்டியை வாங்கிக் காதைக் கீறி, மணி கட்டி, கோயில் வாசலில் விட்டுவிட்டார். அப்படி விட்ட கிடாயை எங்கள் ஊரில் யாரும் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. அதற்கு வேலி கிடையாது, வரப்பு கிடையாது. எந்த வீட்டில் வாய் வைக்கிறதோ அந்த வீட்டுக்கு நல்லது என்பார்கள். மச்சானின் வாழைக்கன்றைத் தின்றால் அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நெல் காயப்போட்ட களத்தில் இறங்கினால் பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். சுவரில் புதிதாக ஒட்டிய சினிமா போஸ்டரைப் பசையோடு உரித்துத் தின்னும்; ஒட்டியவன் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த சுவருக்குப் போவான்.

அந்தக் கிடா ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் அவரைதான் ருசி என்று கண்டுகொண்டது. மறுநாளும் 6.50க்கு வந்தது. அதற்கு அடுத்த நாளும். நேரம் தவறாமல் வருகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பூ போய்க்கொண்டிருந்தது.

ஜனவரி 18 அன்று மூங்கில் படல் கட்டி, அதன்மேல் கருவேல முள் வைத்தேன். 6.50க்குக் கிடா வந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. ஒரு தடவை கத்திவிட்டுப் போனது. 9.15க்கு மச்சானின் மோட்டார் நின்றது.

பத்து மணிக்கு மச்சானும் பூசாரியும் வந்தார்கள். பூசாரி மற்ற நாட்களில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கையில் கிரீஸோடு வந்திருந்தார்.

“ஏன் மாப்ள, சாமி கிடாய்க்கு முள்ளு வச்சீகளாமுல்ல?”

“மச்சான், காயில் கருகிடுச்சா?”

“காயில் இல்ல. பீஸுதான் போச்சு.”

“பீஸ் போனதுக்கும் முள்ளுக்கும் என்ன சம்பந்தம்?”

பூசாரி கிரீஸ் கையைத் துடைத்தபடி சொன்னார்: “இன்னைக்குப் பீஸோட விட்டாக. நாளைக்குக் காயிலுக்குப் போவாக. அதுக்கு மேல நான் பேசக் கூடாது.”

நான் அறிவியல் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள். “படல தொறந்து விட்ருங்க. காயில் கருகிச்சுன்னா அண்ணன் நம்ம குழாயிலதான் ஓஸ் மாட்டுவாக” என்றாள். அது அறிவியலுக்கு உட்பட்ட காரணமாக இருந்தது. திறந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கிடா வரும்போது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதினேன். “6.50 முதல் 7.04 வரை. பூங்கொத்து 9. பிஞ்சு 23. இலை எண்ணிக்கை தவறிவிட்டது.” கிடா தின்றுவிட்டுப் போகும்போது பந்தலுக்கடியில் புழுக்கை போட்டுவிட்டுப் போகும். அதையும் எழுதினேன்: ஒரு சிரட்டை. மச்சான் சுவர்மேல் முழங்கையை ஊன்றி, “எழுதுங்க மாப்ள, எழுதுங்க. கிடாய்க்கும் ஒரு வரலாறு வேணுமுல்ல” என்பார்.

ஆனாலும் நான் நம்பிக்கையை விடவில்லை. கிடா பின்னங்காலில் நின்றால் அதன் வாய் ஐந்தடி நான்கு அங்குலம் எட்டும். பந்தலின் உயரம் ஆறரை அடி. பந்தலுக்கு மேல்பக்கம், நடுவில், இலைக்குள் மறைந்து முப்பத்தொரு காய்கள் முற்றிக்கொண்டிருந்தன. ஏணி வைத்து ஏறி எண்ணினேன். முப்பத்தொரு அவரைக்காய் ஒரு மனிதனுக்குப் பொரியல். ஒரு மனிதன் போதும். மார்ச் 5, ஞாயிறு மத்தியானம் மச்சானைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். தேங்காய் துருவி வைக்கச் சொல்லியிருந்தேன்.

மார்ச் 4, சனிக்கிழமை, மச்சான் தன் டிராக்டரின் டிரெய்லரைக் கொண்டுவந்து எங்கள் பந்தலுக்கு ஒட்டி நிறுத்தினார். நான் அப்போது மதகில் இருந்தேன். திரும்பி வந்தபோது கிடா டிரெய்லரின்மேல் ஏறி நின்று, பந்தலின் மேல்பக்கத்தை ஓட்டலில் மேசைமுன் உட்கார்ந்தவர்போல் சாவகாசமாக முடித்துக்கொண்டிருந்தது. கடைசிக் காயின் காம்பு அதன் உதட்டோரம் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

“நெழலுக்கு நிப்பாட்டுனேன் மாப்ள” என்றார் மச்சான்.

“டிரெய்லருக்கு எதற்கு நிழல்?”

“டயரு காஞ்சு போகுமுல்ல.”

ஞாயிறு மத்தியானம் அவர் விருந்துக்கு வந்தார். என் மனைவி துருவிய தேங்காயில் துவையல் அரைத்துப் போட்டாள். தேங்காய் அவர் தோப்புத் தேங்காய்.

இப்படித்தான் மார்ச் 12 வந்தது, கயிறும் வந்தது.

கோயில் ஊருக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. 8.40க்குப் பொங்கல் பொங்கியது. 9.30க்குக் கிடாவின் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். சிலுப்பியது. அந்த நேரத்தில் நான் மதகுப் பக்கம் போய்விட்டேன். தண்ணீரின் உயரம் காலையில் பார்த்ததேதான். இருந்தும் இன்னொரு தடவை பார்த்தேன்.

1.05க்குப் பந்தி. சாப்பாட்டு வரிசையில் எனக்கு நேர் எதிரே மச்சான். அவருக்குப் பக்கத்தில் பூசாரி. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் என் மனைவியும் மச்சானின் மனைவியும். நேர்ந்தவர் என்பதால் மச்சானுக்கு நெஞ்சுக்கறி தனியாக வந்தது. அதை முடித்தார். குழம்புக்கறி வந்தது. முடித்தார். மூன்றாம் தடவை இலையை நீட்டினார். மீசையில் ஒரு துளி எண்ணெய் பளபளத்தது.

“என்ன கறி மாப்ள! பஞ்சு மாதிரி. ஊருக்குள்ள எத்தனையோ கிடா திண்டிருக்கேன். இந்த ருசி வந்ததில்ல. என்னத்தத் திண்டு வளந்துச்சோ!”

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நேரம் பார்த்தேன்: 1.25.

“மச்சான், இப்ப என்ன சாப்பிடுறீங்க?”

“கண்ணு தெரியலையா? கறி.”

“கறி எதால ஆனது?”

“கிடாயால.”

“கிடா எதால ஆனது?”

“கடவுளால” என்றார் மச்சான். பந்தி முழுக்கச் சிரித்தது.

நான் இலையை மூடாமல் எழுந்தேன். பந்தியில் பாதியில் எழுவது தவறு என்று எனக்குத் தெரியும். என் இலைக்குக் காவலாக ஒரு தம்ளரை வைத்துவிட்டு, 1.28க்குப் புறப்பட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் போய், டைரியை எடுத்துக்கொண்டு 1.41க்குத் திரும்பி வந்தேன். மச்சான் நான்காம் தடவை வாங்கியிருந்தார்.

நின்றபடியே வாசித்தேன். “டிசம்பர் 20, பூங்கொத்து 6. டிசம்பர் 21, பூங்கொத்து 8. ஜனவரி 19, படல் திறந்த பிறகு, பூங்கொத்து 14, பிஞ்சு 30.” பொறுமையில்லாதவர்களுக்காகக் கூட்டுத்தொகையையும் சொன்னேன். மொத்தம் பூங்கொத்து 412, பிஞ்சு 1,146, முற்றிய காய் 31. அந்த முப்பத்தொன்றைத் தின்றபோது டிரெய்லர் நின்ற இடம் பந்தலிலிருந்து ஒன்றரை அடி. பிறகு ஆடிப் பெருக்குப் பக்கத்தைத் திருப்பினேன். “காலை 7.48. ‘இந்தப் பந்தல்ல வெளஞ்சது என் வயித்துக்குள்ள போச்சுன்னா, மாப்ள, இந்த மீசைய எடுத்துர்றேன்.’ மச்சான், போயிருச்சு. நெஞ்சுக்கறியாக ஒரு தடவை, குழம்புக்கறியாக மூணு தடவை.”

பந்தி சிரிப்பை நிறுத்திவிட்டு மீசையைப் பார்த்தது.

மச்சான் மென்றுகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினார். விழுங்கவும் பயம், துப்பவும் வழியில்லை. அப்புறம் விழுங்கினார்.

“இது என்ன நியாயம்? நான் திண்டது ஆடு.”

“அண்ணே, ஆடுன்னா என்ன?” என்றாள் என் மனைவி, குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு. “பச்சையா இருந்தது நாலு காலோட நடந்து வந்துச்சு. அம்புட்டுத்தான்.”

“அது இவுக அவரைய மட்டுமா திண்டுச்சு? என் வாழைக்கண்ணத் திண்டுச்சு. களத்து நெல்லத் திண்டுச்சு.”

“வாழை செடியா இல்லையா? நெல்லு?”

“போஸ்டரத் திண்டுச்சு!”

“காகிதம் எதுல செய்றாக? மூங்கில்லயும் மரத்துலயும். ஒட்டுன பசை மைதா மாவு. கோதுமை.”

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப செடியில இருந்து வராதத நான் ஒண்ணுமே திங்கலையா? கோழி?”

“சோளம்.”

“முட்டை?”

“அதுவும் சோளந்தேன், ஓடு போட்டது.”

“பாலு?”

“புல்லு.”

“மீனு! மீனு எந்தக் காட்டுல மேஞ்சுச்சு?”

“சின்ன மீனு பாசியத் திண்டுச்சு. பெரிய மீனு சின்ன மீனத் திண்டுச்சு.”

“தேனு?”

“பூ.”

மச்சான் தோப்பைச் சுற்றிப் பார்த்தார். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பானம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், உதடு அசைந்தது. அவர் மனைவி முந்திக்கொண்டு, “அதுவும் கரும்புப் பாகுல இருந்துதான் வருதாம், கேக்காதீக” என்றாள். பந்தி மறுபடி சிரித்தது.

திடீரென்று மச்சானின் முகம் பிரகாசமானது. இலை ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். “உப்பு! உப்பு எந்தச் செடியில காய்க்கிது?”

“உப்பு செடி இல்லதான்” என்று என் மனைவி ஒப்புக்கொண்டாள். “இனிமே அத மட்டும் திண்டுக்கிட்டு இருங்க அண்ணே. கறிய இங்கிட்டுக் குடுங்க.”

அவர் கடைசி நம்பிக்கையாகப் பூசாரியைப் பார்த்தார். பூசாரி எலும்பை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சாமிக்கே மீசை இருக்கு. மீசை விசயத்துல அவுக கட்சி சேர மாட்டாக. டீச்சரு சொல்றதுதான்.”

நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் மனைவி ஒரு வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்தாள்.

“வெயிலையும் வாய்க்கால் தண்ணியையும் வச்சு ஆக்கிப் போடத் தெரிஞ்சது எலை ஒண்ணுதான். நம்மல்லாம் பந்தியில உக்காந்தவுக. கிடா மொதப் பந்தி. அண்ணன் ரெண்டாம் பந்தி. அதுனால அவரை அண்ணன் வயித்துக்குப் போனது நெசந்தான். எடம் எங்ககிட்டயே இருக்கும். படப்ப வேற எங்கனயாவது போட்டுக்கங்க.”

மச்சான் மீசையைப் பொத்திக்கொண்டார்.

“ஆனா” என்றாள். “மொதப் பந்தி திண்டது முழுசும் ரெண்டாம் பந்திக்கு வராது. கிடா திண்டதுல பெரும்பங்கும் ஓடுறதுக்கும், கத்துறதுக்கும், டிரெய்லர்ல ஏறுறதுக்கும், இவுக சிரட்டையில அளந்ததுக்குமாப் போயிரும். உடம்புல தங்குறது சுமாரா பத்துல ஒரு பங்குதான். புஸ்தகத்துலயே இருக்கு. அப்ப அண்ணனுக்கு வந்தது அவரையில பத்துல ஒரு பங்கு. மீசையும் பத்துல ஒரு பங்கு.”

பந்தி ஒரு கணம் கணக்குப் போட்டது. பிறகு எழுந்த சத்தத்தில் தென்னையிலிருந்த காகங்கள் பறந்தன.

“மிச்ச ஒம்பது பங்கு?” என்று கேட்டேன். இழப்பை நான் எப்போதும் தனிப் பத்தியில் எழுதுவேன்.

“அது ஊரச் சுத்துனதுல போச்சு. ஊருகிட்டக் கேளுங்க.”

மச்சான் உற்சாகமாகிவிட்டார். “தங்கச்சி, கிடாயில இருந்து எனக்கு வர்றப்ப இன்னொருக்க பத்துல ஒண்ணு ஆகுமுல்ல? அப்ப நூத்துல ஒண்ணுதான?”

“அது உடம்புல ஒட்டுறதுக்கு. நீங்க பந்தயம் கட்டுனது வயித்துக்கு. நாலு தடவ வாங்கிட்டு, பேச்சப் பாரு!”

தீர்ப்பு முடிந்தது: 2.10. என் இலையில் சோறு ஆறிப்போயிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது. பஞ்சு மாதிரி. என் தோட்டத்தில் விளைந்து நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது என்று மூன்றாவது கவளத்தில்தான் உறைத்தது. நான்கு வருடம் காத்திருந்து முதல் தடவையாகக் கிடைத்ததை இரண்டாம் பந்தியில், ஆறிய பிறகு, சாப்பிட்டேன். அதற்காக வருத்தப்பட்டேனா, சந்தோஷப்பட்டேனா என்று டைரியில் இல்லை. “ஒரு தடவை மட்டும் வாங்கினேன்” என்று இருக்கிறது.

சாயங்காலம் 5.30க்கு மச்சான் சுவரோரம் வந்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நாளைக்கு நாவிதர் கடை தெறக்குமுன்னயே முடிச்சிருவோம். அங்கன போனா ஊரே வந்து பாக்க நிக்கும். அளவு விசயம், நீங்களே பாத்துருங்க. உங்க கை தப்பாது.”

இருபது வருடத்தில் அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது.

மார்ச் 13, திங்கட்கிழமை. 5.10க்கு எழுந்தேன். காபிக்கு முன்னால், மதகுக்கு முன்னால், மீசை. மச்சான் தோளில் துண்டோடு பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தடவி நேராக இழுத்து, எஃகு ஸ்கேலை வைத்து நுனிக்கு நுனி அளந்தேன்: பதினாறு சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு ஒன்று புள்ளி ஆறு. பக்கத்துக்கு எட்டு மில்லிமீட்டர். என் மனைவியின் தையல் கத்தரியால் வலது பக்கம் வெட்டினேன், இடது பக்கம் வெட்டினேன், மறுபடி அளந்தேன். பதினான்கு புள்ளி நான்கு. சரியாக இருந்தது.

வெட்டிய முடியைக் காகிதத்தில் சேர்த்து, அவரையின் தூரில் கையளவு குழி பறித்துப் போட்டு, கிடாவின் புழுக்கை ஒரு சிரட்டை போட்டு, மண் அணைத்தேன். தூரிலிருந்து மூன்றாவது கணுவில், கிடாவின் வாய்க்குத் தப்பிய ஒரு மூலையில், ஒரு கொழுந்து புதிதாக விட்டிருந்தது.

மச்சான் குனிந்து பார்த்தார். “அதையும் அதுக்கே போட்டுட்டீகளா? அப்ப அடுத்த வருசம் இதுல காய்க்கிறதுல என் மீசையும் இருக்கும்.”

“இருக்கும் மச்சான்.”

“பத்துல எத்தனை பங்கு?”

தெரியாது என்றேன். தெரியாததை நான் எழுதுவதில்லை. ஒரு குடம் தண்ணீர் எடுத்து, தூரைச் சுற்றி மெதுவாக ஊற்றினேன். நேரம் 5.32.